பிடிமண் விழும் சத்தம்: வன்னியில் குறும்படம் எடுக்கும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் போனிலும் சின்னக் கமராவிலும் படம் எடுக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறோம். நாங்கள் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவர்கள், ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் தெரிந்தவர்கள் சிலர். கேட்பது ஒன்றுதான். அடுத்த படத்துக்குக் கதை தேடும்போது பழைய நாடகம் ஒன்றைக் கையில் எடுங்கள். எடுத்தால் அதன் உடுப்பை மட்டும் மாற்றாதீர்கள். அந்த நாடகத்தைத் தாங்கி நிற்கிற முடிச்சு எது, அதற்கு வன்னியில் ஈடு எது என்று தேடுங்கள். ஈடு கிடைத்தால் படம் எழும்பும். கிடைக்காவிட்டால் அதை விட்டுவிட்டு வேறொரு நாடகத்தைப் பாருங்கள்.

முடிச்சு என்று நாங்கள் சொல்வதை விளங்கிக்கொள்ள 'ஹைதர்' நல்ல உதாரணம். ஷேக்ஸ்பியரின் ஹம்லெற்றை 1995ஆம் ஆண்டுக் காஷ்மீருக்குக் கொண்டுபோய் விஷால் பரத்வாஜ் 2014 இல் எடுத்த படம். ஹம்லெற்றின் முடிச்சு அரண்மனையிலும் இல்லை, வாளிலும் இல்லை. செத்த தகப்பனின் ஆவி வந்து 'என்னைக் கொன்றவன் உன் சித்தப்பன்' என்கிறது. மகனுக்கு அதைவிட வேறு சாட்சி இல்லை. நம்புவதா விடுவதா என்ற அந்த இழுபறியில்தான் நாடகம் ஓடுகிறது. இன்றைக்குத் திரையில் ஆவியைக் காட்டினால் பார்ப்பவருக்குப் பயம் வரலாம், சிரிப்பும் வரலாம், ஐயம் வராது. பரத்வாஜ் தகப்பனைக் காணாமல் ஆக்கப்பட்டவர் ஆக்கினார். தடுப்பில் அவரோடு கூட இருந்த ஒருவன் வந்து சேதி சொல்கிறான். ஆவியின் சொல்லுக்கு உள்ள அதே எடை அந்தச் சேதிக்கும் உண்டு: தள்ளிவிடவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது. சுற்றிவளைப்பில் ஊர் ஆண்கள் வரிசையாக ஒரு வாகனத்துக்கு முன்னால் நடந்துபோக, உள்ளே முகம் மூடியிருப்பவன் ஆளைக் காட்டிக்கொடுக்கிற காட்சியும் அதில் வரும். 'தலையாட்டி' என்ற சொல் தெரிந்த எங்கள் சனத்துக்கு அந்தக் காட்சிக்கு உரை தேவையில்லை. தாயின் மறுமணமும் அப்படித்தான். புருஷன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத பெண் பொட்டு வைப்பதா விடுவதா என்ற கேள்வி எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் பாருங்கள். இப்சன் 1882 இல் எழுதிய 'மக்கள் பகைவன்' நாடகத்தைச் சத்யஜித் ராய் 'கணசத்ரு' என்று வங்காளத்தில் எடுத்தார். நோர்வேயின் நோய்தீர்க்கும் குளியல் நீர், கோயில் தீர்த்தமாக மாறியது. ஈடு என்றால் அதுதான், அதைவிடச் சரியாக ஒன்று அமையாது. ஆனால் உடல்நலம் கெட்டிருந்த ராய் வைத்தியர் சொல்படி ஸ்ரூடியோவுக்குள்ளேயே எடுக்கவேண்டி வந்தது. அதனால் நான்கு சுவருக்குள் ஆட்கள் இருந்து கதைக்கிற படமாக அது சுருங்கிவிட்டது. முடிவையும் மாற்றினார். இப்சனின் வைத்தியர் தனித்து நிற்கிறார். ராயின் வைத்தியருக்கு வாசலில் இளைஞர் கூட்டம் ஆதரவுக் குரல் எழுப்புகிறது. பார்ப்பவருக்கு அது ஆறுதல்தான். ஆனாலும் தனித்து நிற்பதுதானே அந்த நாடகத்தின் முடிச்சு? அதை அவிழ்த்துவிட்டார் என்பது எங்கள் எண்ணம். தண்ணீர்ப் பிரச்சினை இல்லாத ஊர் வன்னியில் இல்லை, இந்த நாடகம் உங்களுக்குக் கைகொடுக்கும். முடிவில் கை வைக்காதீர்கள்.

ஈடு தேடும்போது முதலில் பார்க்கவேண்டியது உறவுமுறை. இதில்தான் மொழிபெயர்ப்புப் பிரதியை அப்படியே எடுப்பவர்கள் வழுக்குகிறார்கள். ஹம்லெற்றின் முதல் அரசவைக் காட்சியில் சித்தப்பன் கிளோடியஸ் அவனை 'என் மகன்' என்கிறான். ஆங்கிலத்தில் அது ஊசி. தமிழிலோ தகப்பனின் தம்பி, தமையன் பிள்ளையை 'மகன்' என்று கூப்பிடுவது நாளாந்த வழக்கம். வசனத்தை அப்படியே வைத்தால் ஊசி குத்தாது. அதை வேறிடத்தில் குத்தவேண்டும். சித்தப்பா தகப்பனின் சாய்மனைக் கதிரையில் இருக்கட்டும், தகப்பனின் கைக்கடிகாரத்தைக் கட்டியிருக்கட்டும். 'மகன், சாப்பிட வாவன்' என்று அன்பாகவே கூப்பிடட்டும். கமரா கடிகாரத்தில் நிற்கட்டும்.

கிரேக்க நாடகாசிரியர் சோபொக்கிளிஸின் 'அன்ரிகனி'யில் நிலைமை எங்களுக்குச் சாதகம். அரசன் கிரேயோன், நாயகி அன்ரிகனியின் தாயின் சகோதரன், அதாவது தாய்மாமன். அவளுக்குப் பேசி வைத்திருக்கும் ஹேமோன் மாமன் மகன், முறை மச்சான். மேலைநாட்டு இயக்குநர் வசனம் போட்டு விளக்கவேண்டிய உறவை எங்கள் பார்வையாளர் 'மாமா' என்ற ஒரு விளிப்பில் பிடித்துக்கொள்வார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவரவேண்டியவன், மருமகளின் சாவுக்கு உத்தரவு போடுகிறான். இதை மறந்து கிரேயோனைப் படை அதிகாரி ஆக்கிவிட்டால் நாடகத்தின் பாதி போய்விடும். சட்டச் சிக்கலும் வரும்: அனுமதியில்லாமல் படைச் சீருடை அணிவது குற்றம். அரைக்கைச் சட்டை, மேசை, இரண்டு பைல் கட்டு, கிரேயோனுக்கு இவ்வளவு போதும்.

அன்ரிகனி ஏறக்குறைய கி.மு. 441 இல் மேடையேறிய நாடகம். போரில் இறந்த இரு சகோதரரில் ஒருவனுக்கு அரச மரியாதை, மற்றவனை அடக்கக்கூடாது, அழக்கூடாது என்று கிரேயோனின் கட்டளை. அவர்களின் சகோதரி அன்ரிகனி அதை மீறி அவனை அடக்குகிறாள், அதற்காகக் குகையில் உயிரோடு அடைக்கப்படுகிறாள். 2019 இல் சோபி டெராஸ்ப் அதைக் கனடாவின் மொன்றியலில், அல்ஜீரியாவில் இருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் கதையாக எடுத்தார். ஒரு சகோதரன் பொலிஸின் சூட்டில் சாகிறான், மற்றவன் நாடுகடத்தப்பட இருக்கிறான். தங்கை தலைமயிரை வெட்டி, அவன் உடுப்பைப் போட்டுக்கொண்டு சிறைக்குள் அவனுக்குப் பதிலாக நிற்கிறாள். ஊர்ப் பெரியவர்களின் கோரஸ், போன் திரைகளில் ஓடும் காணொளித் துண்டுகளாக மாறியது. உடலை அடக்குவது என்ற முடிச்சுக்கு அந்த நகரத்தில் நேரான ஈடு இல்லாததால் டெராஸ்ப் இத்தனை தூரம் போகவேண்டி வந்தது.

வன்னியில் அத்தனை தூரம் போகத் தேவையில்லை. முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரம் போராட உட்கார்ந்தார்கள். நாடகம் இங்கே வாசலில் நிற்கிறது. அதனாலேயே இங்கே அதைக் கெடுப்பதும் சுலபம். மூன்று இடத்தில் கெடும்.

முதலாவது, கிரேயோனைக் கொடியவனாக மட்டும் எழுதுவது. சோபொக்கிளிஸ் அவனுக்கு முழு நியாயம் கொடுக்கிறார்: ஊரைக் கொளுத்த வந்தவனுக்கும் ஊரைக் காத்தவனுக்கும் ஒரே மரியாதையா? அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்வையாளர் ஒரு கணம் தலையாட்டவேண்டும். அப்படித் தலையாட்டாத படத்தில் அன்ரிகனிக்கு எதிராள் இல்லை, அவள் பேசுவது மேடைப்பேச்சாகிவிடும்.

இரண்டாவது, சாவைக் காட்டுவது. கிரேக்க மேடையில் சாவு பெரும்பாலும் காட்சிக்குள் வராது, தூதன் வந்து சொல்வான். அந்த விதியை அப்படியே வைத்திருங்கள். சொல்பவன் முகத்தைவிடக் கேட்பவர் முகத்தில் கமராவை நிறுத்துங்கள். உண்மையில் உறவைத் தொலைத்த ஒருவரை இருத்தி 'அழுங்கோ அம்மா' என்று படம் எடுக்காதீர்கள். அழுகையை இரவல் வாங்குகிற படம் எங்களுக்கு வேண்டாம்.

மூன்றாவது, ஒழுங்கு. தீர்க்கதரிசி தைரேசியஸ் எச்சரித்த பின்பு கிரேயோன் மனம் மாறுகிறான். கோரஸ் அவனிடம் என்ன சொல்கிறது? முதலில் பெண்ணை விடு, பிறகு உடலை அடக்கு. அவன் தலைகீழாகச் செய்கிறான். உடலைக் கழுவி, எரித்து, மேடு கட்டிவிட்டுக் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்குப்போட்டுவிட்டாள். இரண்டு வேலையும் நல்ல வேலைதான், முன்பின் மாறியதில் உயிர் போகிறது. இதைத் திரைக்கதையில் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். படத்தொகுப்பில் இதுதான் உங்கள் மணிக்கூடு. மண்வெட்டி ஒருபக்கம், பூட்டிய அறை மறுபக்கம் என்று மாற்றி மாற்றி வெட்டினால், இசை போடாமலே பார்ப்பவருக்கு மூச்சு முட்டும்.

அடக்கும் காட்சியைக் கிட்ட நின்று பார்ப்போம். காவலன் வந்து சொல்வது இது: நிலம் காய்ந்து இறுகிக் கிடக்கிறது, மண்வெட்டித் தடம் இல்லை, வண்டித் தடம் இல்லை, உடலின்மேல் மெல்லிய புழுதி மட்டும் தூவியிருக்கிறது. இரண்டாம் முறை நண்பகலில் ஒரு சுழற்காற்று எழும்பிப் புழுதி கண்ணை மறைக்கிறது. அது அடங்கும்போது அவள் அங்கே நிற்கிறாள். இதை மார்கழியில் எடுக்கவே முடியாது. மண் சேறாக இருக்கும், தூவினால் கட்டியாக விழும். ஆவணியில், குளம் வற்றிக் கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் எடுங்கள். சோபொக்கிளிஸ் கேட்ட காற்று காசில்லாமல் வரும். அன்ரிகனி மும்முறை நீர் வார்க்கிறாள். எங்களிடம் கொள்ளிக்குடம் மூன்று சுற்று, மூன்று கொத்து. ஆனால் சைவ வழக்கில் கொள்ளி வைப்பது ஆண், பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. எனவே எங்கள் அன்ரிகனி அரசின் கட்டளையை மட்டுமல்ல, ஊர் வழக்கத்தையும் மீறுகிறாள். 'நாங்கள் பெண்பிள்ளைகள், ஆண்களோடு மோதப் பிறக்கவில்லை' என்ற அவளுடைய சகோதரி இஸ்மேனேயின் வரிக்கு மூலத்தில் இருப்பதைவிட இங்கே எடை கூடும். அந்த வரியை வெட்டாதீர்கள்.

அந்தக் கச்சான்தான் ஒலிப்பதிவுக்குப் பகை. போனின் மைக்கில் காற்று நேரே விழுந்தால் வசனம் முழுவதும் இரைச்சல். பிறகு மென்பொருளால் அதை முழுதாக எடுப்பது கடினம். உடுப்பில் செருகும் சின்ன மைக்குக்குப் பஞ்சுறையும் அதன்மேல் மயிருறையும் போடுங்கள். வேறு வழியில்லாவிட்டால் சட்டைக்கு உள்பக்கம் ஒட்டுங்கள், துணி உரசாதபடி இருபக்கமும் நாடா. ஒலி மட்டம் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டவேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் ஆட்கள் பேசாமல் 30 செக்கன் வெறும் சூழலொலி எடுத்துவையுங்கள், வெட்டு விழும் இடங்களை அதுதான் மூடும். பிடிமண் விழும் சத்தத்தை வெளியில் பிடிக்க முயலவேண்டாம். பூட்டிய அறையில் பழைய பாய் ஒன்றை விரித்து, காய்ந்த மணலைக் கைப்பிடியாகத் தூவி, ஒரு சாண் தூரத்தில் மைக்கை வைத்து எடுங்கள். முல்லைத்தீவுக் கடற்கரை மணலும் உள்ளூர்ச் செம்மண்ணும் விழும் சத்தம் வேறுவேறு. படத்தில் எந்த மண்ணோ அந்த மண்ணையே அள்ளிவாருங்கள்.

கமராவில் செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 50இல் ஒன்று. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 30 பிரேமில் விட்டால் ரியூப் லைற்றும் மலிவு எல்ஈடியும் திரையில் துடிக்கலாம். வெளியில் அதே ஷட்டரை வைத்தால் படம் வெளுத்துவிடும், போனின் முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி பில்ரர் ஒன்று மாட்டவேண்டும். வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டுத்தான் எடுக்கத் தொடங்குங்கள். பூட்டாவிட்டால் வெண்மணலைக் கண்ட போன் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். காலை ஆறே காலில் இருந்து எட்டரை வரை, பின்னேரம் நாலில் இருந்து ஆறு வரை, அவ்வளவுதான் நல்ல வெளிச்சம். சுழற்காற்றுக் காட்சி மட்டும் உச்சி வெயிலில். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ உள்ள காணிக்குள் ஒரு அடிகூட வைக்கவேண்டாம், எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும். ட்ரோன் பறக்க விடுவதற்கும் அனுமதி வேண்டும். அன்ரிகனிக்கு வானத்தில் இருந்து பார்க்கும் காட்சி தேவையும் இல்லை.

பிரதியை வெட்டுவது பற்றி. ஹம்லெற் ஏறக்குறைய 4000 வரி. கெனத் பிரானா 1996 இல் முழுவதையும் எடுத்தபோது நாலு மணித்தியாலம் போனது. லோரன்ஸ் ஒலிவியே 1948 இல் நோர்வே இளவரசன் போர்டின்பிராசையும் ஹம்லெற்றின் இரண்டு நண்பர்களையும் அடியோடு நீக்கி இரண்டரை மணித்தியாலத்துக்குச் சற்று மேலே முடித்தார். உங்களுக்கு இருப்பது 20 நிமிடம், அதாவது 20 பக்கத் திரைக்கதை. ஒரு நாளில் நாலைந்து பக்கத்துக்கு மேல் எடுக்க முடியாது. எனவே முழு நாடகத்தையும் சுருக்காதீர்கள். ஒரு முடிச்சை எடுத்து, அதோடு ஒட்டியிருக்கும் மூன்று காட்சிகளை எடுங்கள். ஐந்து பாத்திரத்துக்கு மேல் வேண்டாம்.

தனிமொழிதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. 1954 'மனோகரா'வில் வசனம் படத்தையே தூக்கிப்போனது உண்மை. அது பம்மல் சம்பந்த முதலியாரின் மேடை நாடகத்தில் இருந்து வந்தது, மண்டபத்தின் கடைசி வாங்கு வரை எட்டவேண்டிய குரலின் மரபு. ஒரு அடி தூரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டால் காது கூசும். 1957 இல் ஜப்பானிய இயக்குநர் குரோசாவா மக்பெத்தை எடுத்தபோது ஷேக்ஸ்பியரின் வரிகளையே விட்டுவிட்டார். அரசனைக் கொல்லத் தூண்டும் மனைவி அசாஜி, ஜப்பானின் 'நோ' நாடக முகமூடி போல அசையாத முகத்தோடு இருட்டுக்குள் போய் மதுக்குடத்தோடு திரும்புகிறாள். கேட்பது பட்டுத்துணி தரையில் உரசும் ஒலி மட்டும். மலையாளத்தில் திலீஷ் போத்தனின் 'ஜோஜி' (2021) மக்பெத்தை ஒரு றப்பர்த் தோட்டத்து வீட்டுக்குள் அடக்கியது. சூனியக்காரி இல்லை, அரசன் இல்லை. நோயாளித் தகப்பனின் குளிசையை மகன் மாற்றி வைக்கிறான், அதுவே கத்தி. ஒரு வீடு, ஒரு குடும்பம், குறைந்த செலவு. உங்கள் அளவுக்கு நெருக்கமான படம் இதுதான், இரண்டுமுறை பாருங்கள்.

பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாக இருக்கட்டும். தென்னிந்தியப் படத் தமிழும் வேண்டாம், பாடப்புத்தகத் தமிழும் வேண்டாம். 'என்ன மாமா, சொல்லிப்போட்டியள், நான் செய்துபோட்டன்' என்று அன்ரிகனி சொன்னால் சோபொக்கிளிசுக்கு ஒரு குறையும் வராது. இந்த ஒப்பீட்டு வேலை எங்களுக்குப் புதிதும் அல்ல. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் 'மதங்கசூளாமணி' 1926 இல் வெளிவந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்த நூல் அது.

இனிக் கூத்து. கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் எங்கள் செவ்வியல் நாடகங்கள். அவற்றைப் 'படமாக்குகிறோம்' என்று களரிக்கு முன்னால் கமரா முக்காலியை நிறுத்தி விடியும்வரை ஓடவிடுவது ஆவணம், அதுவும் அரைகுறை ஆவணம். மைக் மத்தளத்துக்குக் கிட்ட இருந்தால் அடி ஒவ்வொன்றிலும் ஒலி உடையும், பாட்டு கேட்காது. தூரத்தில் இருந்தால் ஒலிபெருக்கியின் கூச்சல்தான் பதியும். கூத்தை நடத்தும் அண்ணாவியாருக்கு ஒன்று, பிற்பாட்டுக்கு ஒன்று, மத்தளத்துக்கு மூன்று அடி தள்ளி ஒன்று என்று மூன்று பதிவு தனித்தனியே எடுத்துப் பின்பு கலவுங்கள். கால் ஆட்டத்தை இடுப்புக்கு மேல் வெட்டிய சட்டகத்தில் எடுப்பது பெரும் பிழை. ஒரு கமரா முழு உருவத்தோடு நிற்கட்டும், மற்றது முகத்துக்கு. படமாக எடுப்பதென்றால் திருவிழா இரவை விட்டு, இன்னொரு நாளில் அண்ணாவியாரின் சம்மதத்தோடு கோவலன் கூத்தில் கண்ணகி வழக்குரைக்கும் காட்சியை மட்டும் எடுங்கள். கூலியைப் பேசிக் கையில் கொடுங்கள்.

உரிமை பற்றியும் சொல்லவேண்டும். சோபொக்கிளிஸ், ஷேக்ஸ்பியர், இப்சன் யாருக்கும் உரிமைத் தடை இல்லை. ஆனால் நீங்கள் வாசிக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உரிமை உண்டு. இலங்கையில் ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் உரிமைக்காலம். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1956 இல் இறந்தவர், அவரது மூல நாடகங்கள் 2026 முடிந்த பிறகுதான் விடுபடும். ஈழத்து நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் நாடகங்களைத் தொடுவதென்றால் உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்ச்சொல் பிறகு நிற்காது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் இப்படிச் செய்து பாருங்கள். முல்லைத்தீவின் வற்றாப்பளையில், உப்புநீரில் விளக்கெரியும் என்று சனம் நம்பும் கண்ணகிக்கும் தீப்ஸ் நகரத்து அன்ரிகனிக்கும் ஒரே காட்சி உண்டு: தனியே ஒரு பெண் அரசன் முன் நிற்பது. கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், பாண்டியன் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று விழுந்து அந்த இடத்திலேயே உயிர் விடுகிறான். கிரேயோனும் பிழையை ஒத்துக்கொள்கிறான், ஆனால் சாகவில்லை. மகனும் மனைவியும் போன வீட்டில் அவன் உயிரோடு இருக்கவேண்டும். இரண்டையும் எடுங்கள். ஆறு நிமிடம் ஒன்று, ஆறு நிமிடம் மற்றது. ஒரே பிள்ளை நடிக்கட்டும், ஒரே அறை, ஒரே கதிரை. முதல் படத்தின் கடைசியில் அந்தக் கதிரை வெறுமையாக இருக்கும். இரண்டாவதன் கடைசியில் அதில் ஆள் இருப்பார்.

எடுத்து முடித்தால் படத்தொகுப்பு மேசைக்குக் கொண்டுவாருங்கள், கூட இருந்து பார்க்கிறோம்.

அன்புடன்,
வன்னியில் இருந்து, உங்கள் நாடக ஆசிரியர்களும் படத்தொகுப்பாளர்களும் சிலர்